பாறைக்கு அடியில் – 11: ஆயருக்கு முந்திய மக்கள்

1847-இல் திண்டுக்கல் சீமைக் கத்தோலிக்கர்களுக்கு ஓர் ஆயர் வந்தார். பெயர் அலெக்சிஸ் கனோஸ். பிரான்சு நாட்டவர், இயேசு சபைத் துறவி. அவருடைய பட்டத்தில் இருந்த ஊர் திண்டுக்கல் அல்ல, மதுரை அல்ல, திருச்சியும் அல்ல. சைப்ரஸ் தீவில் இருந்த தமாசஸ் என்னும் பழைய நகரம். செம்புச் சுரங்கங்களால் செழித்து, ரோமானியர் ஆட்சியில் இருந்து, பிறகு இடிந்து மண்மூடிப் போன ஊர் அது. அங்கே பவுலும் பர்னபாவும் ஹெராக்லிதியூஸ் என்பவரை முதல் ஆயராக நியமித்தார்கள் என்பது அந்தத் தீவின் திருச்சபை மரபு. கனோஸ் பட்டம் பெற்ற காலத்தில் தமாசஸில் அவருக்கென்று ஒரு விசுவாசிகூடக் கிடையாது. அவர் காவல் செய்த மக்கள் எல்லாரும் காவிரிக்குத் தெற்கே, குமரி முனையை நோக்கி விரிந்த கரிசலிலும் செம்மண்ணிலும் இருந்தார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? ஆயர் என்றால் ஏதேனும் ஒரு நகரத்தின் ஆயராக இருந்தாக வேண்டும் என்பது திருச்சபையின் மிகப் பழைய விதி. மதுரை அப்போது மறைமாவட்டம் அல்ல. 1846-இல் அமைந்த அப்போஸ்தலிக்க விகாரியாத்து, அதாவது போப்பாண்டவரின் பிரதிநிதி நிர்வகிக்கும் பகுதி. அப்படிப்பட்ட பிரதிநிதிக்கு ஆயர் பட்டம் தர வேண்டுமானால் என்றோ அழிந்த ஒரு நகரத்தின் பெயரில்தான் தர முடியும். உலகம் முழுவதும் இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. துணை ஆயர்களும், வத்திக்கான் தூதர்களாகப் போகும் ஆயர்களும் மறைந்த நகரங்களின் பெயரைத் தாங்கித்தான் பட்டம் பெறுகிறார்கள்.

இந்தப் பட்டியலில் மிகுதியாக இருப்பவை வட ஆப்பிரிக்காவின் ரோமானிய நகரங்கள். அவற்றின் கதையைச் சற்று நின்று பார்த்தால்தான் திண்டுக்கல்லின் கதை எவ்வளவு வேறுபட்டது என்பது விளங்கும்.

அல்ஜீரியாவில் திம்காட் என்றொரு இடம். கி.பி. 100-ஐ ஒட்டி டிராஜன் பேரரசன், ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக நேர்கோட்டுத் தெருக்களோடு கட்டுவித்த நகரம். அன்றைய பெயர் தமுகாடி. மன்றம், நாடக அரங்கு, நூலகம், குளியல் மண்டபங்கள் எல்லாம் இருந்தன. கிறிஸ்தவம் பரவியதும் ஆயரும் வந்தார். ரோமானிய உலகில் நகரம் எங்கே இருந்ததோ அங்கே ஆயர் இருந்தார். மாகாணத் தலைநகரின் ஆயர் மற்றவர்களுக்கு மூத்தவர். 325-இல் கூடிய நீசேயா சங்கம் இந்த ஒழுங்கைச் சட்டமாக்கியது. பேரரசை மாகாணத் தொகுதிகளாகப் பிரித்து ஆண்டவன் டயோக்ளீஷியன். அந்தத் தொகுதியின் பெயரையே பின்னாளில் திருச்சபை ஆயரின் ஆட்சிப் பகுதிக்கு எடுத்துக்கொண்டது. கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வேட்டையாடிய அரசனின் நிர்வாகப் படம் கிறிஸ்தவர்களுக்கே உதவியது.

411-இல் கார்த்தேஜ் நகரில் நடந்த பெரும் வழக்காடலுக்கு வந்த ஆயர்களின் எண்ணிக்கை வியக்க வைக்கும். ஆப்பிரிக்கத் திருச்சபை அப்போது இரண்டாகப் பிளந்திருந்தது. கத்தோலிக்கத் தரப்பு ஒன்று, தொனாத்துஸ் வழியினர் என்ற தரப்பு மற்றொன்று. ஒவ்வொரு தரப்பிலும் 270-க்கு மேற்பட்ட ஆயர்கள். பல ஊர்களில் ஒரே தெருக்களுக்கு இரண்டு ஆயர்கள் உரிமை கோரினார்கள். ஹிப்போ நகரத்து ஆயரான புனித அகுஸ்தினார் அந்த வழக்கில் கத்தோலிக்கத் தரப்பின் முதன்மையான குரல். அவர் 430-இல் இறந்தபோது வாண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வந்தன. அடுத்த சில நூற்றாண்டுகளில் அந்த நூற்றுக்கணக்கான ஆயர் பீடங்கள் வெறும் பெயர்களாயின.

ஆயர்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்த ஒரு திருச்சபை எப்படிக் கரைந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். படையெடுப்பு, உட்பிளவு, இலத்தீன் பேசிய நகரத்துக்கும் பெர்பர் மொழி பேசிய நாட்டுப்புறத்துக்கும் இடையே இருந்த தூரம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இந்தத் தொடருக்கு மூன்றாவது காரணமே முக்கியமானது. நகரத்தையும் ஆயரையும் நம்பி நின்ற சமயம், இரண்டும் விழுந்தபோது தானும் விழுந்தது. திண்டுக்கல் சமவெளியில் நடந்தது இதற்கு நேர்மாறு. இங்கே ஆயரே இல்லை. குருக்கள்கூடப் பல பத்தாண்டுகள் இல்லை. மக்கள் இருந்தார்கள்.

*

முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1605-ஐ ஒட்டி, திண்டுக்கல் மலைக்கோட்டையின் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1606-இல், இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே 1595 முதல் கொன்சாலோ பெர்னாந்தஸ் மதுரையில் இருந்தாலும், அவரிடம் வந்தவர்கள் கடற்கரையிலிருந்து வந்த பரதவ வணிகர்கள்தாம். நொபிலி காவி உடுத்தி, புலால் விலக்கி, தமிழும் வடமொழியும் கற்று உள்நாட்டு மக்களோடு பேசத் தொடங்கினார். ஆனால் அவருடைய வழி உயர்சாதி எனப்பட்டவர்களோடு நின்றது. கழனியில் உழைத்தவர்களின் தெருவுக்குள் அவர் நுழைந்தால் மற்றவர்கள் அவரை ஏற்கமாட்டார்கள் என்ற நிலை. இந்தச் சிக்கலுக்கு விடையாக 1640-இல் பல்தசார் தா கோஸ்தா முதல் பண்டாரசாமி ஆனார். எல்லாச் சாதியினரிடமும் போய்வரக்கூடிய சைவப் பண்டாரத்தின் கோலத்தை ஏற்ற துறவி அவர். மதுரை மிஷன் எனப்பட்ட இந்தப் பணி உழவர் கிராமங்களில் வேர்விட்டது பண்டாரசாமிகளால்தான். அதே ஏற்பாடு சாதிப் பிரிவினையைக் கோயிலுக்குள்ளும் கொண்டுவந்தது. அந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு சாமியார் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கிராமத்துக்கு வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் கோயிலை நடத்தியவர் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டிச் செபம் சொல்ல வைப்பவர், பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் மனப்பாடம் செய்விப்பவர், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பவர், அடக்கச் செபம் சொல்பவர், ஊரில் வழக்கு வந்தால் சாமியாருக்கு ஓலை அனுப்புபவர் எல்லாம் அவரே. வீரமாமுனிவர் இந்த வேலையின் கனத்தை நன்றாக அறிந்திருந்தார். 1726-இல் தேம்பாவணியை முடித்த கையோடு 1727-இல் அவர் எழுதிய உரைநடை நூல் வேதியர் ஒழுக்கம். அதை அவர் எழுதியது புலவர்களுக்காக அல்ல, இந்த உபதேசியார்களுக்காக. தமிழ் உரைநடையின் வரலாற்றில் அந்த நூலுக்குத் தரும் இடத்தை, அதைப் படித்துக் கிராமங்களைக் காத்த மனிதர்களுக்கு யாரும் தந்ததில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட ஏடுகளில் ஏறவில்லை.

அவர்களுக்கு உண்மையான சோதனை 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்தது. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தார், அதாவது படை அதிகாரி, ஆனார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச் சாலை அமைத்து, தம் படையைப் பெருக்கினார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அவருடைய ஏற்றம் தொடங்கியது இந்தப் பாறைக்கு அடியில்தான். 1767, 1783, 1790 என மூன்று முறை கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்தது. முதல் இரண்டு முறையும் மைசூருக்கே திரும்பியது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை வரும்வரை சுற்றுப்புறக் கிராமங்களுக்கு நிம்மதி இல்லை. படைகள் போன பாதையில் தானியமும் மாடும் மிஞ்சுவது அரிது.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் வேறொரு இடி. 1759-இல் போர்த்துகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. மதுரை மிஷன் போர்த்துகல் மண்ணில் இல்லாவிட்டாலும் பணமும் ஆளும் வந்தது அங்கிருந்துதான். இரண்டும் நின்றன. 1773-இல் பதினான்காம் கிளமெண்ட் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். இருந்த சில சாமியார்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைந்தார்கள். புதுச்சேரியிலிருந்த பாரீஸ் வேதபோதக சபையிடம் 1776-இல் பொறுப்பு போனது. அவர்களிடமோ தங்கள் பகுதிக்கே போதுமான குருக்கள் இல்லை. அடுத்து பிரெஞ்சுப் புரட்சி வெடிக்க, ஐரோப்பாவிலிருந்து ஆள் வரும் வழி ஏறக்குறைய அடைபட்டது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் உழைத்தவர் துபுவா சாமியார். 1792-இல் வந்து பெரும்பாலும் மைசூர்ச் சீமையில் பணியாற்றி, 1823-இல் பிரான்சுக்குத் திரும்பினார். இந்தியாவில் கிறிஸ்தவத்துக்கு எதிர்காலமே இல்லை என்று அவர் உறுதியாக எழுதினார். தாம் பார்த்ததை மறைக்காமல் எழுதிய நேர்மையாளர் அவர். ஆனால் அவருடைய கணிப்பு, தெற்கே உபதேசியாரும் ஊராரும் சேர்ந்து சாதித்ததைக் கணக்கில் கொள்ளவில்லை. 1837-இல் புதிய குருக்கள் வந்தபோது மதுரை மிஷனின் ஊர்களில் செபம் தெரிந்த குடும்பங்கள் இருந்தன, கூரைக் கோயில்கள் இருந்தன, சப்பரம் தூக்கத் தெரிந்த தோள்கள் இருந்தன. இரண்டு தலைமுறைக்கு மேல் ஆளில்லாமல் விடப்பட்ட ஒரு சமூகம் இத்தனையையும் காப்பாற்றி வைத்திருந்தது என்பது திம்காட்டின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

*

1837-இல் வந்தவர்கள் நால்வர்: ஜோசப் பெர்த்ராந்த், லூயி கார்னியே, அலெக்சாந்தர் மர்த்தேன், லூயி து ராங்கே. 1814-இல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையின் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களை வரவேற்றது காலராவும் காய்ச்சலும். முதல் பத்து ஆண்டுகளில் இளம் துறவிகள் பலர் மடிந்தார்கள்.

நோயைவிடப் பெரிய தொல்லை அதிகாரச் சண்டை. கீழைநாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஆயர்களை நியமிக்கும் உரிமை போர்த்துகல் மன்னருக்கு என்பது பழைய ஏற்பாடு. 1838 ஏப்ரலில் ரோம் ஓர் ஆணை பிறப்பித்து, கொடுங்கல்லூர், கொச்சி, மயிலாப்பூர் பீடங்களின் அதிகாரத்தை நிறுத்தியது. கோவாவைச் சார்ந்த குருக்கள் அதை ஏற்கவில்லை. மதுரை மிஷன் ஊர்களில் கோவா சாமியார் ஒரு பக்கம், பிரெஞ்சு சாமியார் ஒரு பக்கம். கோயில் சாவி யாரிடம், திருவிழாக் காணிக்கை யாருக்கு, கல்லறையில் யார் செபம் சொல்வது என்பதெல்லாம் வழக்காகிக் கச்சேரி ஏறின. 411-இல் கார்த்தேஜ் பார்த்ததைத் தமிழ்க் கிராமங்களும் பார்த்தன. இங்கே பிளவு கொள்கையால் வந்ததல்ல. லிஸ்பனுக்கும் ரோமுக்கும் நடந்த அரசியல் அது. அதன் செலவைச் சுமந்தவர்கள் ஒரு போகம் தவறினால் கடனில் விழும் குடியானவர்கள். இதை மதுரை மிஷன் வரலாற்றின் வருத்தமான அத்தியாயம் என்று தயங்காமல் சொல்லலாம்.

திண்டுக்கல்லில் மூன்றாவதாக ஒரு தரப்பும் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1835-லேயே திண்டுக்கல்லில் நிலையம் அமைத்துவிட்டது. பள்ளிக்கூடம், அதைத் தொடர்ந்து மருத்துவம். எட்வர்ட் செஸ்டர் என்ற மருத்துவ ஊழியர் நெடுங்காலம் இந்த ஊரில் பணியாற்றினார். பிராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கர்களும் ஒருவரையொருவர் பார்த்துப் போட்டி போட்டார்கள். அந்தப் போட்டியால் திண்டுக்கல்லுக்குக் கிடைத்தவை பள்ளிகளும் மருந்தும்.

இந்தச் சூழலில்தான் கனோஸ் ஆயரானார். அவருடைய காலத்தில், 1866 முதல் 1872 வரை, திண்டுக்கல் நகரில் புனித சூசையப்பர் கோயில் எழுந்தது. ரயில் வருவதற்கு முந்திய காலம் அது. திருச்சி–மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாகத் திறந்தது 1875-இல். கல்லும் சுண்ணாம்பும் மரமும் மாட்டு வண்டியில் வந்திருக்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1870 டிசம்பர் 8 அன்று, ஒன்பதாம் பத்திநாதர் போப்பாண்டவர் சூசையப்பரை உலகத் திருச்சபைக்கே பாதுகாவலராக அறிவித்தார். தச்சரான அந்தப் புனிதரைக் காப்பியத் தலைவனாக்கி, வளன் என்று பெயர் சூட்டி வீரமாமுனிவர் பாடி முடித்து அப்போது ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு. இன்று பலகையில் புனித வளனார் பேராலயம் என்று இருந்தாலும், வயதானவர்களுக்கு அது சூசையப்பர் கோயில்தான்.

கோயில் முடிந்த நான்காம் ஆண்டில் தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் பட்டினியாலும் தொடர்ந்து வந்த நோயாலும் இறந்தார்கள். மதுரை, திருச்சி, திண்டுக்கல் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கஞ்சித் தொட்டி திறந்த மிஷன்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் பெருகினார்கள். அவர்களை ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று பழிப்பது பிறகு வழக்கமாயிற்று. பசித்தவன் சோறு கிடைத்த வாசலை மறக்காமல் இருந்தது குற்றமா என்ன? அந்த வாசலில் அவனைத் தள்ளி நில் என்று சொல்லவில்லை என்பதும் அன்றைக்குச் சோற்றுக்குச் சமமான செய்தி.

1886 செப்டம்பர் முதல் நாள் பதின்மூன்றாம் சிங்கராயர் போப்பாண்டவர் இந்தியாவுக்கு முறையான ஆயர் ஆட்சியமைப்பை வழங்கினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு தமாசஸின் பெயரைத் தாங்கிய கனோஸ், தாம் உண்மையில் காத்துவந்த மண்ணின் ஆயரானார். மறைமாவட்டம் திருச்சியின் பெயரைப் பெற்றது. இரண்டே ஆண்டில், 1888-இல், அவர் காலமானார். கோவா சண்டையும் அந்த ஏற்பாட்டில் பெருமளவு தணிந்தது. சில ஊர்களில் மட்டும் இரட்டை ஆட்சி 20-ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. மிஷன் வரலாற்றை 1914-இல் லெயோன் பெஸ் சாமியார் பிரெஞ்சில் எழுதினார். அவர் தம் நூலை ஆயர்களின் வரிசைப்படி அமைக்கவில்லை. பங்கு பங்காக, ஊர் ஊராக எழுதினார். இந்த மண்ணின் கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

*

அந்தப் பங்குகளில் இன்று நடப்பவற்றைப் பார்க்காமல் கடந்த காலம் முழுதாக விளங்காது.

திண்டுக்கல்லின் முத்தழகுபட்டியில் ஆகஸ்டு மாதம் புனித செபஸ்தியார் திருவிழா. நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். எல்லாம் ஒரே சமையலாகி, விடிய விடிய ஊருக்கே அசைவ விருந்து. மதம் கேட்டு யாருக்கும் இலை போடுவதில்லை. செபஸ்தியார் டயோக்ளீஷியனின் படையில் வீரராக இருந்து, அவன் ஆணையால் அம்புகளுக்கு இலக்கானவர் என்பது மரபு. கொள்ளைநோய்க்கு அவரை வேண்டிக்கொள்வது ஐரோப்பாவின் பழக்கம். காலரா ஊரைக் காலி செய்த காலத்தில் தமிழ் உழவர்களும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

தை மாதம் பிறந்தால் காளைகளின் காலம். தவசிமடையில் அந்தோணியார் திருவிழாவுக்கு ஜல்லிக்கட்டு. கொசவபட்டி, உலகம்பட்டி, புகையிலைப்பட்டி என்று வாடிவாசல் திறக்கும் ஊர்களின் வரிசை நீள்கிறது. புகையிலைப்பட்டியில் சந்தியாகப்பருக்கும் செபஸ்தியாருக்கும் விழா. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது இந்த ஊர்க் கோயில் திருவிழாக்கள் களையிழந்தன. 2017-இல் சட்டம் வந்ததும் மீண்டும் காளைகள் இறங்கின. மதுரைக்காரர்கள் அலங்காநல்லூரைச் சொல்வார்கள். ஆனால் புனிதரின் பெயரால் காளை அவிழும் ஊர்கள் இத்தனை அடர்த்தியாக இருப்பது திண்டுக்கல் சமவெளியின் தனிச்சிறப்பு.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. எகிப்தின் பாலைவனத் துறவியான வனத்து அந்தோணியாரின் திருநாள் ஜனவரி 17. ஐரோப்பாவிலும் அவர் கால்நடைகளின் காவலர். ரோம் நகரிலேயே அன்று விலங்குகளை மந்திரிப்பார்கள். தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாளோ அதை ஒட்டியோ அந்தத் தேதி வந்துவிடுகிறது. எந்த ஆயரும் ஆணையிட்டு இதைச் சேர்த்து வைத்ததில்லை. மாடு வைத்திருந்த மக்கள் தாங்களே கண்டுகொண்டார்கள். வேடசந்தூர்ப் பக்கம் மாரம்பாடியில் பெரிய அந்தோணியார் கோயிலுக்கு வண்டி கட்டிப் போவது சுற்றுவட்டாரக் குடும்பங்களின் தலைமுறைப் பழக்கம்.

திண்டுக்கல் மேட்டுப்பட்டி வியாகுல அன்னை கோயிலில் பாஸ்கா நடக்கும். இயேசுவின் பாடுகளை இரவு நெடுக நாடகமாக நடிப்பது. பிலாத்துவாகவும் உரோமைப் படைவீரராகவும் வேடமிடுகிறவர்கள் பகலில் வேறு தொழில் செய்யும் ஊர்க்காரர்களே. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் திருப்பலி தமிழில் வந்தது. அதுவரை பீடத்தில் சாமியார் சொன்ன இலத்தீன் ஊருக்குப் புரியாது. பாஸ்காவும் ஒப்பாரியும் தேர்ப்பாட்டும் எல்லாருக்கும் புரிந்தன. ஆப்பிரிக்க நாட்டுப்புறத்துக்குக் கிடைக்காமல் போனது இதுதான்: தன் மொழியில் தானே நடத்திக்கொண்ட வழிபாடு.

*

1938-இல் திருச்சி மறைமாவட்டம் பிரிந்தது. மதுரை தனியாகி, இயேசு சபையைச் சேர்ந்த ஜான் பீட்டர் லெயோனார்டு அதன் ஆயரானார். திருச்சிக்கு ஜேம்ஸ் மெண்டோன்சா. திண்டுக்கல் திருச்சியோடு நின்றது. இதன் விளைவு விசித்திரமானது. அரசாங்கக் கணக்கில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. பட்டா மாற்றவும் வழக்காடவும் மக்கள் அறுபது கிலோமீட்டர் தெற்கே மதுரைக்குப் போனார்கள். ஆயரைப் பார்க்க நூறு கிலோமீட்டர் வடகிழக்கே திருச்சிக்குப் போனார்கள். 1985 செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமானது. ஆட்சியர் வந்துவிட்டார். ஆயர் வர இன்னும் பதினெட்டு ஆண்டு ஆயிற்று.

2003 நவம்பர் 10 அன்று இரண்டாம் ஜான் பால் திருச்சியிலிருந்து திண்டுக்கல்லைப் பிரித்துத் தனி மறைமாவட்டமாக அறிவித்தார். 1872-இல் முடிந்த சூசையப்பர் கோயில் பேராலயமானது. திருச்சியின் பிள்ளையான புதிய மறைமாவட்டம், திருச்சியைப் போலவே மதுரை உயர்மறைமாவட்டத்தின் கீழ் அமைந்தது. மாவட்ட எல்லையும் மறைமாவட்ட எல்லையும் இன்றும் முழுக்க ஒத்துப்போகவில்லை. கொடைக்கானல் மலை மதுரையோடுதான் இருக்கிறது.

முதல் ஆயர் அந்தோணி பாப்புசாமி. 1949-இல் பிறந்தவர். அவர் பிறந்த ஊர் அதே மாரம்பாடி. 1998 முதல் மதுரையில் துணை ஆயராக இருந்த காலத்தில் அவரும், கனோஸைப் போலவே, மறைந்துபோன ஒரு பழைய நகரத்தின் பெயரில்தான் ஆயராக இருந்தார். 2003-இல் தாம் வளர்ந்த மண்ணின் பெயரையே பட்டத்தில் பெற்றார்.

அறிவிப்பு வந்து ஒரு வாரம் கழித்து, நவம்பர் 17 அன்று, தமிழகப் பகுதி ஆயர்கள் ரோமில் போப்பாண்டவரைச் சந்தித்தார்கள். அன்று ஜான் பால் பேசியதில் ஒரு பகுதி சாதியைப் பற்றியது. கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமை காட்டுவது மனித ஒற்றுமைக்கும் திருச்சபையின் பணிக்கும் எதிரானது என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். திண்டுக்கல்லுக்கு ஆயர் கிடைத்த வாரத்திலேயே இந்தச் சொல்லும் வந்தது. தமிழகத்தின் பல பங்குகளில் தனித்தனிக் கல்லறை, தலித் தெருவுக்குள் நுழையாத தேர், பீடப் பணியில் ஒதுக்கல் என்று பண்டாரசாமி காலத்துப் பிரிவினை தொடர்ந்துகொண்டிருந்தது. முன்னே நிறுத்திவைத்த கணக்கு இதுதான்.

அரசு தரப்பிலும் ஓர் அநீதி உண்டு. 1950 ஆகஸ்டு 10-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். வெளியே அரசு கதவைச் சாத்துகிறது, உள்ளே சக கிறிஸ்தவன் இடம் மறுக்கிறான். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டபோது, நாட்டிலுள்ள ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று சொன்னது. பெரும்பான்மையோரே ஓரத்தில் நிற்கும் ஒரு சமூகம் அது. குருக்கள் இல்லாத காலத்தில் கோயிலைக் காத்த குடும்பங்களில் இவர்களும் உண்டு. அந்தக் கடனுக்கு உரிய மதிப்பைப் பங்குப் பேரவையிலும் கல்லறையிலும் கேட்பது சலுகை அல்ல.

2014-இல் பாப்புசாமி மதுரை உயர்மறைமாவட்டத்தின் பேராயராக உயர்ந்தார். திண்டுக்கல் பீடம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு காலியாக இருந்தது. 2016-இல் தாமஸ் பால்சாமி இரண்டாவது ஆயராகப் பொறுப்பேற்றார். அந்த இடைவெளியிலும் முத்தழகுபட்டியில் அடுப்பு எரிந்தது, மேட்டுப்பட்டியில் பாஸ்கா ஒத்திகை நடந்தது, கிளைக் கிராமங்களில் ஞாயிறு செபம் தவறவில்லை. 1837-க்கு முன்னும் அவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

(தொடரும்)